சத்தம் வராத வீல்

தில்லைநகர் வீல் கடையில், என் பழைய சொகுசுக் காரின் இரட்டைப் பிறவி போல இன்னொன்று நின்றது. அதில் ஒரு கீறல்கூட இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. அதன் சொந்தக்காரர் நரைத்த மீசைக்காரர். கடைக்காரர் எந்த வீலைக் காட்டினாலும், அவர் காருக்குள் இருந்த தன் மனைவியிடம் குனிந்து கேட்டார்.

"பெரிய வீலா போடுங்க சார், கம்பீரமா இருக்கும்," என்றேன்.

"டயர் மெலிசாயிடும், சத்தம் வருங்க. ஸ்ரீரங்கத்துலேர்ந்து முக்கொம்பு வரைக்கும் பேசிக்கிட்டே போவோம். இவ மெதுவாத்தான் பேசுவா."

காரோடு கம்பெனி கொடுத்த அளவிலேயே புது வீல் மாட்டிக்கொண்டு போனார். விடுவேனா? நானும் அதையே மாட்டினேன். மனைவியை ஏற்றிக்கொண்டு முக்கொம்புக்குப் போனேன். வண்டியில் துளி சத்தம் இல்லை. என்ன பேசுவது என்றுதான் எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.