காதில் விழுந்த கல்

லெயோனி மீன் வாங்கும்போது பெட்டிமேல் எழுதியிருப்பதைப் பார்க்க மாட்டாள். உறைந்த மீன் பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, நடு வரிசையிலிருந்து ஒன்றை உருவி, செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். பால்பவுடர் டின்னைக் காதருகே வைத்துக் குலுக்குவாள். யாராவது நோட்டை நீட்டினால் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்த பிறகுதான் பையில் போடுவாள். கின்ஷாசாவின் ங்காபா பகுதியில் அவளிடம் மீன் வாங்குகிறவர்கள் அவளைச் 'செவுள் அம்மா' என்றே சொல்வார்கள். முகத்துக்கு நேராகவும் சொல்வார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை.

ஒரே ஓர் ஆளின் செவுளைத்தான் அவள் தூக்கிப் பார்த்ததில்லை. அது அவள் கணவன் அனிசே. மத்தாடி துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளைச் சரிபார்க்கும் வேலை அவனுக்கு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை பேருந்தில் வருவான். வரும் வழியில் வாங்கிய அன்னாசியும் வாழையிலையில் சுற்றிய மரவள்ளிக் கட்டியும் கையில் இருக்கும். ஒரே மகள் மெர்வேய். ஊர் வழக்கப்படி எல்லோருக்கும் அவன் 'மெர்வேயப்பா'தான்.

அந்தப் பாட்டு வரும்வரைக்கும் இதில் எந்தக் குறையும் இல்லை.

கின்ஷாசாவில் பாடகர்கள் பாட்டின் நடுவே பெயர் சொல்வார்கள். கிட்டார்கள் வேகமெடுத்து, எல்லோரும் இடுப்பை ஆட்டத் தொடங்கும் இடத்தில், வேண்டியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வீசுவார்கள். அதற்குக் 'கல் எறிவது' என்று பேர். பெரிய வியாபாரிகள், அமைச்சரின் மச்சான்கள், பாரிஸில் இருக்கும் பையன்கள் எல்லாம் காசு கொடுத்துக் கல் எறியச் சொல்வார்கள். அந்த மழைக்காலம் தொடங்கியபோது ஊரெல்லாம் ஓடிய ஒரு பாட்டில், இரண்டு பெரிய மனிதர்களுக்கு நடுவே, "அனிசே கியாலா, மத்தாடி துறைமுகம்!" என்று ஒரு கல் வந்து விழுந்தது.

தெருவே கூடிவிட்டது. அனிசேயின் அக்கா பெலாஜி அதே முற்றத்தில் எதிர் அறையில் இருப்பவள். மரவள்ளி இலை இடித்துக்கொண்டிருந்த உலக்கையோடு ஆடினாள்.

"என் தம்பி! பாட்டுல என் தம்பி! கேட்டியா லெயோனி?"

லெயோனி கேட்டாள். பெயருக்குப் பின்னால் ஒரு வால் இருந்ததையும் கேட்டாள். 'இன்னாரின் அப்பா' என்கிற மாதிரி "பாப்பா யா மா..." என்று ஏதோ தொடங்கியது. அதன்மேல் முரசு வந்து விழுந்துவிட்டது.

"கடைசியில என்னமோ சொல்றானே, அது என்ன அண்ணி..."

"மகாசி!" என்றாள் பெலாஜி. "பாப்பா யா மகாசி. பலசாலின்னு சொல்றான். வேற என்ன சொல்லப்போறான்?"

லெயோனி கேள்வியையே முடித்திருக்கவில்லை. மீன்காரன் கேட்காமலே 'இன்னிக்கு வந்ததும்மா' என்றால் அவள் அந்தப் பெட்டியைத் தொட மாட்டாள். அண்ணியின் பதில் அந்த மாதிரி இருந்தது.

போனில் அனிசேயிடம் கேட்டாள்.

"துறைமுகத்துப் பசங்க பண்ணின கூத்து. பாடகன் இங்க வந்தப்போ ஆளாளுக்கு பீர் வாங்கிக் குடுத்து என் பேரைச் சொல்லிட்டானுங்க. ஏன், உனக்குப் பெருமையா இல்லையா?"

"பெருமைதான். பேருக்கு அப்புறம் என்ன சொல்றான்?"

"அப்புறமா? அப்புறம் ஒண்ணும் இல்லையே. கிட்டார்தான்."

அக்காவுக்கு ஒரு சொல் கேட்கிறது, தம்பிக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அன்றிரவு அரிசியைக் களையும்போது லெயோனி இதை இரண்டு மூன்று முறை நினைத்தாள்.

மறுநாள் பெலாஜியின் இயர்போனைக் கேட்டாள். பெலாஜி ஒரு முனையைத் தன் காதில் சொருகிக்கொண்டு மற்றதை நீட்டினாள். தலையோடு தலை சேர்த்து உட்கார்ந்தார்கள். லெயோனிக்குக் கிடைத்த முனையில் ஒரு கிட்டாரும் பாதிப் பாடகனும்தான் இருந்தார்கள்.

"ரெண்டையும் குடுங்களேன் அண்ணி, ஒரு தடவை."

"எதுக்கு? ரெண்டு காதுலயும் அடைச்சுக்கிட்டா செவிடாயிடுவே. அப்புறம் என் தம்பி கூப்பிட்டா எப்படிக் கேக்கும்?" பெலாஜி சிரித்தபடியே கம்பியைச் சுருட்டி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

லெயோனியும் சிரித்தாள். வியாழக்கிழமை மீனைச் சீக்கிரம் விற்று முடித்துவிட்டுக் காம்பெலா சந்தைக்கு வண்டி ஏறினாள்.

அங்கே எதிரெதிரே இரண்டு கடைகள். ஒன்றில் இயர்போன், ஒன்றில் ஹெட்போன். இரண்டு கடைக்காரர்களுக்கும் ஒரே முகம்.

"நீங்க நிசிம்பாவா, நிசூசியா?" என்றாள் லெயோனி. கொங்கோ குடும்பத்தில் இரட்டை பிறந்தால் பெயர் தேட வேண்டியதில்லை. முதலில் வந்தது நிசிம்பா, அடுத்தது நிசூசி. ஆணோ பெண்ணோ, எந்த ஊரோ, அதேதான்.

"நான் நிசூசி. எதிர்ல நிக்கிறது நிசிம்பா. என்னைவிட அரை மணி நேரம் மூத்தவன், அந்தத் திமிர்ல பெரிய சாமானா விக்கிறான். அங்க போயிடாதீங்கம்மா. அவன் ஹெட்போனை மாட்டினா தலையில அண்டா கவுத்த மாதிரி இருக்கும்."

"கேளுங்க, கேளுங்க!" எதிர்க்கடையிலிருந்து குரல் வந்தது. "அவன்கிட்ட வாங்கினா காதுக்குள்ள ரெண்டு மொச்சைக்கொட்டை. நாளைக்கு டாக்டர்தான் எடுக்கணும்!"

லெயோனி தன் போனை நீட்டினாள். "இந்தப் பாட்டுதான். இதுல ஒரு வார்த்தை எனக்குத் தெளிவாக் கேக்கணும். பெட்டியைக் காட்டாதீங்க. பெட்டிமேல என்ன பேர் வேணும்னாலும் அச்சடிப்பாங்க."

நிசூசி முதலில் கொடுத்தது இடி போல அடித்தது. முரசு தாடை எலும்பு வரை இறங்கியது. பாடகன் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பாடுவதுபோல இருந்தான். வார்த்தை 'மசாசி' என்று கேட்டது. துப்பாக்கிக் குண்டு.

"குண்டுகளுக்கு அப்பனா என் வீட்டுக்காரர்?"

"அது முரசு பிரியருங்களுக்கானதும்மா. ஊர்ல முக்கால்வாசிப் பேருக்கு அது போதும். இதைப் பாருங்க." அடுத்ததில் மெல்லிய ரப்பர் முனை. காதுக்குள் இறங்கி இறுக்கிக்கொண்டது. அவள் எச்சில் விழுங்குவது அவளுக்கே கேட்டது. பாடகன் இப்போது கிட்டத்தில் வந்துவிட்டான். ஆனால் அவன் 'ஸ' சொல்லும் இடமெல்லாம் சூடான எண்ணெயில் ஈர மீன் போட்டதுபோலப் பொரிந்தது. நடுவில் இருப்பது 'க'வா 'ப'வா என்று பிடிபடவில்லை. முனையை மாற்றினார்கள். பெரிய முனை, சின்ன முனை. சின்னது போட்டால் முரசு ஓடிப்போனது. பெரியது போட்டால் காது வலித்தது. ஆனால் வார்த்தையின் கடைசி எழுத்து மட்டும் தெரிந்தது. அது 'சி' இல்லை. 'சா'.

முனையைக் காதிலிருந்து எடுத்தாள். இதற்குமேல் கேட்க வேண்டாம், வீட்டுக்குப் போய்விடலாம் என்றுகூட நினைத்தாள். ஆனால் செவுளைப் பாதி தூக்கிவிட்டு மீனைக் கீழே வைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

எதிர்க்கடைக்குப் போனாள். நிசிம்பா கம்பியில்லாத ஒன்றை மாட்டிவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினான். சந்தை மறைந்துவிட்டது. வண்டி ஹாரன், கோழிக்காரியின் கூச்சல், எதிரே நிசூசி சிரிப்பது எல்லாம் ஒரே நொடியில் காணாமல் போயின. லெயோனியின் கை தானாகப் பைக்குப் போனது.

"என்னம்மா?"

"இவ்வளவு அமைதியாக்கி விட்டீங்கன்னா எவனாவது பையை அறுத்தாக்கூடத் தெரியாது. இது யாருக்குச் செஞ்சது, வாங்கறவங்களுக்கா திருடனுக்கா?"

நிசிம்பா சிரித்துவிட்டு உள்ளே போனான். பழைய ஹெட்போன் ஒன்றைக் கொண்டுவந்தான். மூடிப்போன ஒரு வானொலி நிலையத்திலிருந்து வாங்கியதாம். கனமாக இருந்தது. காது மெத்தையின் தோல் உரிந்திருந்தது. சுருள் கம்பி, டெலிபோன் கம்பி மாதிரி. லெயோனி மெத்தையை மோந்து பார்த்தாள். திருகாணிகளைத் தடவிப் பார்த்தாள்.

"அழகில்ல," என்றான் நிசிம்பா. "பொய்யும் சொல்லாது."

மாட்டிக்கொண்டாள். இதுவரை ஒரே கயிறாக முறுக்கியிருந்த கிட்டார்கள் மூன்றாகப் பிரிந்தன. ஒன்று இந்தக் காதில், ஒன்று அந்தக் காதில், ஒன்று நெற்றிக்கு நேரே. முரசு தன் இடத்தில் தனியாக உட்கார்ந்துகொண்டது. பாடகன் மூச்சிழுப்பது கேட்டது. பிறகு அவன் அவள் கணவனின் பெயரைச் சொன்னான். உதடுகள் ஒட்டிப் பிரிகிற சத்தத்தோடு, அவசரமில்லாமல், அடுத்த வார்த்தையையும் சொன்னான்.

அவள் ஹெட்போனைக் கழற்றி நிசிம்பாவிடம் கொடுத்தாள். "நீங்க கேட்டுச் சொல்லுங்க. எனக்குச் சந்தேகமா இருக்கு."

அவன் கேட்டான். முகம் மலர்ந்தது. "மபாசா. பாப்பா யா மபாசா, ரெட்டைங்களுக்கு அப்பா. இதுல என்னம்மா சந்தேகம்? எங்கப்பாவைச் சாகறவரைக்கும் ஊரே அப்படித்தான் கூப்பிட்டுச்சு. இரட்டை பொறந்ததும் அவரோட பழைய பேரே போயிடுச்சு." அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டான்: "உங்க ரெட்டைங்க பையனுங்களா, பொண்ணுங்களா?"

"ஹெட்போனைக் கட்டிக் குடுங்க," என்றாள் லெயோனி.

வீட்டில் பெலாஜி கேட்டாள். "இதென்ன, இவ்ளோ பெருசு?"

"மெர்வேயப்பாவுக்கு. பாட்டுல பேர் வந்தவரு, போன்லயா கேப்பாரு? காம்பெலாவுல ஒரு ரெட்டையர் கடை. நிசிம்பாவும் நிசூசியும் ரொம்ப நல்ல பசங்க."

பெலாஜி கீரையில் இல்லாத பூச்சியைத் தேடினாள்.

சனிக்கிழமை மதியம் அனிசே வந்தான். அன்னாசி, மரவள்ளிக் கட்டி, சிரிப்பு, எல்லாம் வழக்கம்போல. மெர்வேயைத் தண்ணீருக்கு அனுப்பிவிட்டு, லெயோனி அவனை முற்றத்து நாற்காலியில் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டினாள். பெலாஜி உரலில் இலை இடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கா? நிஜமாவா?" அவன் குழந்தை மாதிரி மகிழ்ந்தான். பாட்டு தொடங்கியது. கால் தாளம் போட்டது, தோள் ஆடியது. அவன் பெயர் வரும் இடத்தை லெயோனி மனதுக்குள்ளேயே எண்ணிக்கொண்டு வந்தாள். அந்த இடம் வந்தது. தோள் ஒரு கணம் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாக ஆடியது.

அவள் கட்டைவிரலால் பாட்டை நிறுத்தினாள். அவன் கண்ணை மூடியபடி, அடுத்தது வருமென்று காத்திருந்தான். மீன் விலை கேட்கிற சாதாரணக் குரலில், கொஞ்சம் உரக்கக் கேட்டாள்:

"நிசிம்பாவும் நிசூசியும் நல்லா இருக்காங்களா?"

காதை மூடியிருக்கிறவர்கள் தங்களுக்கே கேட்காததால் கத்தித்தான் பேசுவார்கள். அனிசேயும் கத்தினான்:

"ரெண்டுக்கும் பல் முளைக்குது! ராத்திரி பூரா ஒரே அழுகை!"

உலக்கை நின்றது. பக்கத்து வீட்டுச் சுவருக்குமேல் ஒரு தலை எழும்பியது. அனிசே கண்ணைத் திறந்தான். ஹெட்போனைக் கழற்றக் கை போனது, ஆனால் பாதியிலேயே நின்றது. அதற்குள் நுழைந்து ஒளிந்துகொள்ள முடியுமா என்று யோசிப்பவன்போல இருந்தான்.

"ஹெட்போன் வித்த பசங்களைக் கேக்கறாடா!" என்றாள் பெலாஜி பதறி. "காம்பெலா கடைக்காரங்க! நீ என்னத்தையோ உளர்றே!"

லெயோனி அவள் பக்கம் திரும்பினாள். "அவங்களுக்கா அண்ணி? இந்த வயசுலயா பல் முளைக்குது?"

பெலாஜி உரலுக்குள் பார்த்தாள்.

"லெயோனி, நான் சொல்றதைக் கேளு..." அனிசே இன்னும் ஹெட்போனோடுதான் இருந்தான். இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தான்.

"கத்தாதீங்க. எனக்கு நல்லாவே கேக்குது." அவன் தலையிலிருந்து ஹெட்போனை எடுத்து, சுருள் கம்பியை அவசரமில்லாமல் சுற்றினாள். தெருமுனையில் மெர்வேய் தண்ணீர்க் குடத்தோடு வருவது தெரிந்தது.

"இந்தப் பாட்டை இன்னும் எத்தனை தடவை வேணும்னாலும் போட்டுக் கேக்கறேன்," என்றாள். "அந்தப் பிள்ளைங்களோட அம்மா பேரு மட்டும் அதுல இல்லை. பொண்ணு வர்றதுக்குள்ள அதை நீங்களே சொல்லிடுங்க."