கடைசி நிறுத்தத்தில் பன்னிரண்டு நிமிடம்

பணிமனையில் எல்லோருக்கும் அவள் டிரைவரக்கா. இருபத்திரண்டு வருடமாக அரசுப் பேருந்து ஓட்டுகிறாள். வேலைக்குச் சேர்ந்தபோது பெண் ஓட்டுநர் என்று பத்திரிகையில் படம் போட்டார்கள். அதற்குப் பிறகு அவளைப் படம் எடுத்தது ஸ்கேன் மையத்தில் மட்டும்தான்.

தினமும் பெரிய பாட்டில் நிறையத் தண்ணீர் கொண்டுபோவாள். வேலை முடிந்து வரும்போது பாட்டிலில் முக்கால்வாசி அப்படியே இருக்கும். அவள் கணவர் அதைச் செடிக்கு ஊற்றுவார். "பஸ்ஸுல ஊர் சுத்தின தண்ணி, நல்லாத்தான் வளருது" என்பார்.

கடைசி நிறுத்தத்தில் கழிப்பறை கிடையாது. சாலையைத் தாண்டி, சந்தைக் கட்டடத்தின் பின்பக்கம் போகவேண்டும். போக மூன்று நிமிடம், வர மூன்று நிமிடம், நடுவில் வரிசை. அதற்காகத்தான் சங்கம் எப்போதோ பேசிப் போராடி ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்திருந்தது: ஒவ்வொரு நடைக்கும் கடைசி நிறுத்தத்தில் பன்னிரண்டு நிமிட ஓய்வு.

கடைகள் மூடும் நேரத்தில் அந்த ஓய்வை எடுப்பது லேசான காரியமில்லை. வண்டி நிற்கிறது, ஓட்டுநர் இருக்கிறாள், ஏன் கிளம்பவில்லை என்று ஐம்பது பேர் பிடரியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஐம்பதில் அவளுடைய நாத்தனாரும் ஒருத்தி. துணிக்கடையில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு வருபவள். அதனால் மற்ற ஓட்டுநர்களைப்போலவே டிரைவரக்காவும் நான்கைந்து நிமிடத்தில் வண்டியை எடுத்துவிடுவாள். ஒரே வித்தியாசம், மற்றவர்கள் டிரிப் ஷீட்டில் பன்னிரண்டு என்று எழுதுவார்கள். அவள் நான்கு என்றால் நான்கு என்றே எழுதுவாள். பொய் எழுதக் கை வரவில்லை என்பாள். பணிமனையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்து, கடைசியில் சிரிப்பே அலுத்துப்போயிருந்தது.

இந்த வருடம் ஒப்பந்தம் முடிந்தது. சங்கத்தோடு சம்பளத்தை மட்டும்தான் பேசுவோம், ஓய்வும் அட்டவணையும் நிர்வாகத்தின் பொறுப்பு என்று அரசு சொன்னது. மக்கள் வரிப்பணத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் பேரம் எதற்கு என்று பேருந்துக்குள்ளேயே விவாதம் நடந்தது, அவள் முதுகுக்குப் பின்னால், அவளுக்குக் கேட்கும்படி. நாத்தனார் ஒருநாள் வீட்டில் வைத்து அவளிடம் நேராகவே கேட்டாள்.

"நான் சொல்றேன்னு கோச்சுக்காதீங்க அண்ணி. எங்க கடையில உட்கார ஒரு ஸ்டூல் கேட்டோம். கேட்டவளை அடுத்த வாரமே வேலைய விட்டு நின்னுக்கச் சொல்லிட்டாங்க. உங்களுக்குப் பன்னெண்டு நிமிஷம், அதுக்கு ஒரு சங்கம், அதுக்கு ஒரு கூட்டம். அங்க பஸ்ஸுக்கு மழையில நிக்கிறவ நான்."

உங்களுக்கும் ஒரு சங்கம் வேண்டும் என்று சொல்லலாம். சொன்னால் நாளைக்கே ஸ்டூல் வந்துவிடுமா? டிரைவரக்கா அடுத்த துணியை எடுத்து மடித்தாள்.

பேச்சுவார்த்தைக்கு ஓட்டுநர்கள் சார்பில் அவளையும் உட்காரவைத்தார்கள். சங்கச் செயலாளருக்கு மைக் என்று பட்டப்பெயர். அவர் ரகசியம் பேசினால் எதிர்வீட்டுக்குக் கேட்கும். பத்து அமர்வு இழுத்தது. அதே அறை, அதே நமத்துப்போன பிஸ்கட், அதே வாக்கியங்கள். பதினோராவது அமர்வில் நிர்வாக அதிகாரி ஒரு கட்டுத் தாளை எடுத்து மேஜையில் வைத்தார். ஆறு வருட டிரிப் ஷீட். எல்லாம் அவள் கையெழுத்து.

"நாலு நிமிஷம். அஞ்சு நிமிஷம். நாலு நிமிஷம்" என்று படித்தார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. குத்தியிருந்தால் திருப்பிப் பேசியிருக்கலாம். உங்கள் பிரதிநிதிக்கே தேவைப்படாத ஓய்வு மற்றவர்களுக்கு எதற்கு, அந்த நேரத்தில் கூடுதலாக இரண்டு நடை விடலாமே, மக்கள் காத்து நிற்கிறார்களே என்றார்.

மைக் வாழ்க்கையில் முதல்தடவையாகத் தணிந்த குரலில் பேசினார். "பன்னெண்டுன்னு எழுதித் தொலைச்சிருக்கக் கூடாதாக்கா?"

மேஜையைச் சுற்றி ஒன்பது ஆண்கள். அவள் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் தண்ணி குடிக்கிறதில்ல சார். அதனால நாலு நிமிஷம் போதும். ரெண்டு தடவை கிட்னியில கல்லு எடுத்தாச்சு. மூணாவது இப்ப உள்ள இருக்கு. பையில ஸ்கேன் வச்சிருக்கேன், வேணும்னா பாருங்க."

ஸ்கேனை யாரும் கேட்கவில்லை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அன்றைய அமர்வு அத்தோடு முடிந்தது.

மூன்று வாரம் கழித்து ஒன்பது நிமிடம் என்று கையெழுத்தானது. கழிப்பறை பரிசீலிக்கப்படும். கூடவே ஒரு நிபந்தனை: எடுக்காமல் விட்ட ஓய்வெல்லாம் பதிவாகும், அடுத்த ஒப்பந்தத்தின்போது அதையும் பார்ப்பார்கள். மைக் வெற்றி என்று நோட்டீஸ் ஒட்டினார். அவளால்தான் மூன்று நிமிடம் போயிற்று என்றார்கள் சிலர். அவளால்தான் ஒன்பது நிமிடமாவது மிஞ்சியது என்றார்கள் சிலர். இரண்டு பேச்சும் அவள் காதுக்கு வந்தது. இரண்டும் சரி என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

புதிய ஒப்பந்தத்தின் முதல் நாள், கடைகள் மூடும் நேரம். சந்தைக்குப் பின்னால் போய்விட்டுத் திரும்பி வந்து ஏறினாள். இரண்டு நிமிடம் மீதி இருந்தது. இருக்கைகள் நிரம்பிவிட்டன. முன் இருக்கையில் நாத்தனார், செருப்பைக் கழற்றிவிட்டு வீங்கின பாதத்தை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் ஏறியாச்சு. எடுங்க அண்ணி."

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு."

பின்னால் யாரோ உச்சுக் கொட்டினார்கள். ராணி உத்தரவு கொடுத்தால்தான் வண்டி நகரும் என்றது ஒரு குரல். டிரைவரக்கா பாட்டிலைத் திறந்தாள். இருபத்திரண்டு வருடப் பழக்கம், தொண்டை ஒரு மடக்கோடு நிறுத்தப் பார்த்தது. மறுபடி குடித்தாள்.

"மூணாவது கல்லாமே, எங்ககிட்ட சொல்லவே இல்ல" என்றாள் நாத்தனார்.

"சொன்னா? நீ எடுத்துடுவியா?"

நாத்தனார் சிரிக்கவில்லை. கையை நீட்டினாள். "இங்க குடுங்க. காலையிலேருந்து நானும் குடிக்கல. நடுவுல போறதுக்கு விடமாட்டாங்க."

பாட்டில் காலியாகித் திரும்பி வந்தது. டிரைவரக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். முள் நகரும்வரை காத்திருந்து, டிரிப் ஷீட்டில் ஒன்பது என்று எழுதிவிட்டு வண்டியை எடுத்தாள்.