கயல்விழி என்று யார் கூப்பிடுவது

செங்கல்வராயன் என்ற பெயரை வைத்துக்கொண்டு திருப்பதியில் காலம் தள்ளுவது லேசான காரியமில்லை. தமிழ்க்காரர்களுக்கு அதில் செங்கல் தெரிந்தது. தெலுங்குப் பிள்ளைகள் அதை மொழிபெயர்த்து ‘இட்டுக சார்’ ஆக்கிவிட்டார்கள். அவர் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த அன்று, வாசலில் பெயரைக் கேட்ட கொத்தனார், “லோடு எங்க சார் எறக்கணும்?” என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. அந்தக் கொத்தனாரைப் பார்த்தவர் யாருமில்லை. கதையைச் சொல்லாதவரும் யாருமில்லை.

உண்மையில் அந்தப் பெயரில் செங்கல்லும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. செங்கல்வ என்றால் தெலுங்கில் சிவப்பு அல்லி. பூவுக்கு ராஜா, தணிகை மலை முருகன். இதை அவர் வாயால் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறார். “அப்படியா சார்” என்று கேட்டுவிட்டு மறுநாளும் ‘செங்கல் சார்’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

தமிழ்நாட்டு எல்லையோரப் பிச்சாட்டூர்க்காரர். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, வகுப்பில் ஆங்கிலம். மூன்றும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதைப் பார்த்தே வளர்ந்தவர். காட்பாடியிலிருந்து புதிதாக வந்த லெக்சரரிடம் பிரின்சிபால் சந்திரசேகர் ஒருமுறை, “மீட்டிங்குக்கு மீரு ராவல்சின அவசரம் லேது” என்றார். வரத் தேவையில்லை என்று அர்த்தம். அந்த லெக்சரரோ அவசரமில்லாமல் நிதானமாக வரச் சொல்கிறார்கள் என்று நினைத்து, டிபன் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, மீட்டிங் முடிகிற நேரத்துக்கு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். இந்த மாதிரி சமாசாரங்களுக்கெல்லாம் பஞ்சாயத்து செங்கல்வராயன்தான்.

பட்டமளிப்பு விழாவில் பெயர் கூப்பிடுகிற வேலையும் அப்படித்தான் அவர் தலையில் விழுந்தது. அதை அவர் ஒரு விரதம் மாதிரிச் செய்தார். முதல் நாள் லேப் பக்கத்து வராந்தாவில் நாற்காலி போட்டு உட்காருவார். பட்டம் வாங்குகிற ஒவ்வொரு பிள்ளையும் வந்து தன் பெயரைத் தானே சொல்ல வேண்டும். அவர் திருப்பிச் சொல்வார். அந்தப் பிள்ளை தலையாட்டினால்தான் அடுத்த ஆள். “என்னம்மா, வீட்ல எப்டி கூப்டுவாங்க?” என்பார். கூச்சப்பட்டுச் சொல்வார்கள். பெயருக்குச் சொந்தக்காரர் வாயிலிருந்து வராத எதையும் அவர் மைக்கில் சொன்னதில்லை.

இந்த வருஷம் ஒரு பெயருக்குச் சொந்தக்காரி இல்லை. நகரிப் பெண், கயல்விழி. கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டுக்குப் போனவள் டெங்குக் காய்ச்சலில் போய்விட்டாள். பட்டத்தைப் பெற்றவர்களிடம் கொடுப்பதென்று கல்லூரி முடிவு செய்திருந்தது.

அவருக்கு அந்தப் பெயரைச் சொல்லத் தெரியாமலில்லை. ஆனாலும் கேட்காமல் கூப்பிட வாய் வரவில்லை. நகரிக்கு பஸ் ஏறினார்.

தெரு முழுக்க பவர்லூம் சத்தம். அவள் அப்பா தணிகைவேல் இவரைக் கண்டதும் தறியை நிறுத்தினார். பக்கத்து வீட்டுத் தறி நிற்கவில்லை. அதனால் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. வந்த விஷயத்தை, துக்கத்தை, எல்லாவற்றையும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. செங்கல்வராயனுக்கு அதுவே பாதி உயிர் போன மாதிரி இருந்தது.

“முழுசா கூப்டுங்க சார்,” என்றார் தணிகைவேல். “காலேஜ்ல எல்லாம் விஜி விஜின்னாங்க. ஆஸ்பத்திரில ஒரு நர்சு வந்து கயால் விஜின்னு கூப்டுது. யாரையோ கூப்டறாங்கன்னு குந்திக்கினு இருந்தோம் நாங்க. அத்தினி பேர் முன்னாடி ஒரு தபா சரியா கேக்கணும் சார். மைக்ல. எனக்கு அது போதும்.”

உள்ளேயிருந்து அவர் மனைவி இந்திராணி டீ கொண்டு வந்தாள். டம்ளரைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“கூப்டாதீங்க சார்,” என்றாள்.

“நீ சும்மா இரு.”

“நீ இரு. சார், இந்தத் தறி சத்தத்துல தெனமும் தொண்ட கிழியக் கத்துவேன். துன்ன வாடின்னா வரமாட்டா. புக்க வச்சிக்கினு குந்தினு இருப்பா. கத்திக் கத்தி ஓஞ்சப்பறம் வந்து நிப்பா, இன்னாம்மான்னு. எப்டியும் வந்துடுவா.” முந்தானையால் டம்ளர் பட்ட கையைத் துடைத்துக்கொண்டாள். “அங்க நீங்க கூப்டுவீங்க. எல்லாரும் பாத்துக்கினு இருப்பாங்க. யாரும் வரமாட்டாங்க. அத எப்டி சார் நான் பாக்கறது? அவ போனதுலேர்ந்து அந்தப் பேர என் வாய்ல நான் எடுக்கல.”

தணிகைவேல் எழுந்து போய்த் தறியை ஓட்டிவிட்டார். இனி யாரும் பேச முடியாது. டீயைக் குடித்தது குடிக்காதது தெரியாமல் செங்கல்வராயன் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

பிரின்சிபாலிடம் சொன்னார். “பேரென்ட்ஸ் பேரு சதவண்டி சார், ப்ராப்ளம் லேது,” என்றார் அவர். பெற்றவர்கள் பெயரைப் படித்துவிட்டால் போதுமாம். பிரின்சிபால்களுக்கு எதிலும் ப்ராப்ளம் இருந்ததில்லை. செங்கல்வராயனுக்கு இருந்தது. கூப்பிட்டால் அந்த அம்மாவைக் கொல்வது மாதிரி. கூப்பிடாவிட்டால் அந்த மனுஷனுக்கு ஆஸ்பத்திரி வராந்தா இன்னொரு தடவை. வீட்டில் பல் தேய்க்கும்போதும் அந்தப் பெயர் நாக்கு நுனியில் வந்து நின்றது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

விழாவன்று ஹால் நிறைந்திருந்தது. கறுப்பு அங்கிக்குள் பிள்ளைகள் புழுங்கிக்கொண்டிருந்தார்கள். தணிகைவேல் வெள்ளைச் சட்டையில் முன்வரிசையில் இருந்தார். இந்திராணி அவர் பக்கத்தில் உட்காரவில்லை. கதவோரம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போய்விடுகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

பெயர்கள் போய்க்கொண்டிருந்தன. கடப்பாப் பக்கத்துப் பெயர், குப்பத்துப் பெயர், பாதி கன்னடமும் பாதி தமிழுமான சாந்திபுரத்துப் பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிள்ளை எழுந்து வந்தது. பிறகு அந்த இடம் வந்தது. வாயைத் திறந்தார். கதவோரம் பார்த்துவிட்டார். அதுதான் தப்பு.

“திரு தணிகைவேல், திருமதி இந்திராணி,” என்றார்.

தணிகைவேல் எழவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, மைக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிரின்சிபால் நீட்டத் தயாராகப் பட்டத்தைப் பிடித்திருந்தார். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். செங்கல்வராயன் இன்னொரு தடவை அதே இரண்டு பெயர்களைச் சொன்னார். தணிகைவேல் மெதுவாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “பட்டம் நானா சார் வாங்கனேன்?” என்றார்.

அப்போதுதான் இந்திராணி எழுந்தாள். வெளியே போகிறாள் என்றே எல்லாரும் நினைத்தார்கள். நடுவழியாக நடந்து, புருஷனைத் தாண்டி, செருப்பைக் கீழே விட்டுவிட்டு மேடைப் படி ஏறினாள். பிரின்சிபால் பட்டத்தை நீட்டினார். அவள் வாங்காமல் மைக் பக்கம் வந்தாள்.

“அவரு சொல்றதும் நாயந்தான் சார்,” என்றாள். மைக்கில் பாதி விழுந்தது. “நான் வந்துட்டேன். இங்க நின்னுக்கினு இருக்கேன். இப்ப கூப்டுங்க.”

“அம்மா—”

“கூப்டுங்க சார். ஆளில்லாத எடத்துல கூப்டத்தான் வாணாம்னேன்.”

செங்கல்வராயன் கூப்பிட்டார். கயல்விழி. கடைசி எழுத்துவரை, தணிகைவேல் கேட்ட மாதிரியே, முழுசாக. கீழே அந்த மனுஷன் கட்டின கையை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார். கைதட்டுவதா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. தட்டிய ஒருவரும் பாதியில் நிறுத்திவிட்டார்.

இந்திராணி படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற பிள்ளைகள் ஏறி வந்த படிக்கட்டு. நம்பிக்கையோடு பார்ப்பவள் மாதிரி இல்லை. பார்த்துத் தீர்த்துவிட வேண்டும் என்று பார்ப்பவள் மாதிரி. செங்கல்வராயனுக்கு அடுத்த பெயர் தெரிந்தது. கூப்பிடாமல் பட்டியலில் அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார்; படிக்கட்டின் அடியில் அந்தப் பிள்ளையும் காத்து நின்றது.

அவள் திரும்பி, பிரின்சிபால் கையிலிருந்து பட்டத்தை வாங்கினாள்.

“போதும் சார்,” என்றாள். “அடுத்த புள்ளயக் கூப்டுங்க. அது எவ்ளோ நேரம் நிக்கும்.”