அயனி வெளியே வரும்வரை

கையில் கத்தி இருந்ததால்தான் பெர்சிஸுக்கு ஆம்பூர் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை போயிற்று. டிரம்மில் சுற்றும் தோலைக் கழுத்துப் பக்கம் வெட்டி, பதனிடும் குரோம் உப்பின் நீலம் நடுவரை இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. கழுத்துதான் தடிப்பு, அங்கே இறங்கினால் எங்கும் இறங்கியிருக்கும். ஒருநாள் வெட்டில் வெள்ளைக் கோடு தெரிந்தது.

"லாரி நிக்குது. ஜாஸ்தி பேசாம ஓகே போடு" என்றார் மேனேஜர் அப்துல் ஹமீத்.

"நடுவுல வெள்ளையா கீது பாய். போட மாட்டேன்."

மறுநாள் அவளை உள்ளே விடவில்லை.

பாதியில் விட்ட படிப்பை முடித்து, இப்போது வேலூரில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். கிணற்று நீரின் உப்பை அளக்க, மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக் படலத்தில் டிரான்சிஸ்டர் செய்வதுதான் வேலை. படலத்தை உப்புநீரில் வைத்து, கேட் என்ற கட்டுப்படுத்தும் முனையில் மின்னழுத்தம் ஏற்றினால் நீரிலுள்ள அயனிகள் படலத்துக்குள் நுழையும். அதில் ஓடும் மின்னோட்டம் குறையும். இறக்கினால் அயனிகள் வெளியேறும், மின்னோட்டம் திரும்பும். எலக்ட்ரான் குதிரை என்றால் அயனி பாரவண்டி மாடு. அவசரப்பட்டால் மாடு உள்ளேயே நின்றுவிடும்.

ஆராய்ச்சி தொடரலாமா என்று முடிவு செய்யக் குழு வந்த அன்று அதுதான் நடந்தது. நேரம் மிச்சமாகும் என்று வழிகாட்டி ஜெயகரன் வேகமாக ஓட்டச் சொல்லியிருந்தார். ஒன்றின் மேல் ஒன்று பொருந்த வேண்டிய கோடுகள் திரையில் பிரிந்து நின்றன: மின்னழுத்தம் ஏற்றியபோது வந்த கோடு ஒரு பக்கம், இறக்கியபோது வந்த கோடு ஒரு பக்கம்.

"ஒரே தண்ணிக்கு ரெண்டு பதிலா?" குழுத் தலைவர் துரைசாமி உதட்டைப் பிதுக்கினார்.

"சராசரி போட்டு ஒரே கோடா காட்டிடும்மா" என்று ஜெயகரன் காதோரம் கிசுகிசுத்தார்.

"முடியாது சார்." அறைக்கே கேட்டது. "கருவி மேல தப்பில்ல, நாமதான் அவசரப்பட்டோம். மெதுவா ஓட்டறேன்."

"எவ்ளோ நேரம் ஆகும்?" என்றார் துரைசாமி.

"அயனி வெளிய வர்ற வரைக்கும்."

"எங்களுக்கு வேற வேலை இல்லியா?"

"டீ குடிச்சிட்டு வாங்க சார். நான் இங்கதான் இருப்பேன்."

ஒவ்வொரு படியிலும் மின்னோட்டம் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து அடுத்த படி வைத்தாள். அவர்கள் திரும்பியபோது இரு கோடுகளும் ஒட்டி வந்திருந்தன. கடைசியில் மட்டும் நூலளவு இடைவெளி.

"இது இன்னா?" என்று இடைவெளியைக் காட்டினார் துரைசாமி.

"உள்ள மாட்டிக்கிட்ட அயனின்னு நினைக்கிறேன். ஏன்னு இன்னும் தெரியல. ஆனா அழிக்க மாட்டேன்."

"பொல்லாத பொண்ணா கீறியே" என்று சிரித்த துரைசாமி, அந்த இடைவெளிக்குக் காரணம் கண்டால்தான் பட்டம் என்ற நிபந்தனையோடு தொடர அனுமதித்தார்.

"சராசரி போட்டிருந்தா இந்தப் பேஜாரே இல்ல" என்றார் ஜெயகரன்.

"கிணத்துத் தண்ணி குடிக்கிறவங்களுக்குப் பொய் சொல்லியிருப்போம் சார்" என்றபடி பெர்சிஸ் அடுத்த படலத்தை நீரில் இறக்கினாள்.