ஐந்தாம் பாட்டிலின் எலுமிச்சை வாசனை

வீட்டில் அவளுக்குச் 'சுத்தம்' என்று பெயர். குடித்த டம்ளரை மூன்று தடவை கழுவி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, நாலாவது தடவையும் கழுவுகிற பிள்ளையை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? சுற்றுச்சூழல் படிப்பில் ஒரு பருவம் வெளிநாட்டில் களப்பணி என்று கிளம்பியபோது, அம்மா பெட்டியில் முதலில் வைத்ததே பாத்திரம் தேய்க்கும் பவுடர்தான், இரண்டு பாக்கெட்.

"அங்க எப்படி இருக்குமோ என்னமோ. எதையும் தேய்க்காம தொடாதே."

போன இடத்தில் ஊருக்கு நடுவே ஓர் ஓடை. அதில் ஐந்து இடங்களில் வாரம் இரண்டு முறை, காலை ஏழு மணிக்கு ரப்பர் பூட்ஸோடு இறங்கி, பாட்டிலில் தண்ணீர் பிடித்து, லேபில் மருந்து விட்டுப் பார்க்க வேண்டும். சோப்பு, உரம் வழியாகச் சேரும் பாஸ்பேட் இருந்தால் தண்ணீர் நீலமாகும். முதல் வாரம் வழுக்கி விழுந்து ஓடையில் பாதியைக் குடித்தாள். அதன் பிறகு ஓடைக்கும் அவளுக்கும் ராசியாகிவிட்டது.

முதல் நான்கு இடங்களிலும் நீலம் வந்தும் வராமலும் இருந்தது. ஐந்தாவதில் மட்டும் மை கொட்டிய மாதிரி. மூன்று மாதமும் அப்படியே. அந்த இடமோ சலவைக்கடைக்குப் பின்னால் இருந்தது. சலவைக்கடை யாருடையது என்றால், இவள் தங்கியிருந்த மாடி அறையின் சொந்தக்கார அக்காவுடையது. ஆஸ்பத்திரிப் போர்வைகளை மலைமலையாகத் துவைத்துவிட்டு, நனைந்து திரும்பும் இவளை "பூட்ஸ வாசல்லயே கழட்டு" என்று அதட்டி, சுடச்சுடச் சாப்பாடும் போடுகிற அக்கா.

வெள்ளிக்கிழமை நகராட்சிக் கூட்டத்தில் அறிக்கை வாசிக்க வேண்டும். வாசித்தால் கடைக்குப் பூட்டுதான். வியாழக்கிழமை மத்தியானம் இஸ்திரி மேஜை முன்னால் போய் நின்று, மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னாள்.

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "என் கடைத் தண்ணியா?"

"நம்பர் அப்படித்தான் சொல்லுதுக்கா."

கடை அதிரக் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அக்கா கையை நீட்டினாள். "அந்த பாட்டில எடுத்துட்டு வா."

மாடியில் கழுவிக் கவிழ்த்திருந்ததைக் கொண்டுவந்து கொடுத்தாள். அக்கா மூடியைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள்.

"எலுமிச்சை. நான் வாசனை சோப்பே வாங்குறதில்ல, நோயாளிங்களுக்கு ஆகாது. பதினெட்டு வருஷமா சோப்போட குடும்பம் நடத்துறேன், எனக்குத் தெரியாதா? இது உன் மாடி சிங்க்ல வர்ற வாசனைம்மா."

இவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மற்ற நான்கு பாட்டில்களையும் லேபிலேயே வெறும் தண்ணீரில் அலசி வைத்துவிடுவாள். ஐந்தாவது இடத்தில் ஒரே சேறு. சேறு படிந்த பாட்டிலை அப்படியே விட மனசு கேட்குமா? அறைக்குக் கொண்டுவந்து, அம்மா கொடுத்த எலுமிச்சை வாசனைப் பவுடரைப் போட்டு, பளபளவென்று தேய்த்துத்தான் மறுபடி ஓடைக்குக் கொண்டுபோவாள். 'சோப்பு கூடாது' என்று கையேட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கழுவச் சோம்பல்பட்ட எவரோ எழுதியது என்று நினைத்துவிட்டாள் மகராசி.

லேபுக்கு ஓடினாள். காய்ச்சி வடித்த சுத்தமான தண்ணீரை ஒரு புதுப் பாட்டிலிலும் இந்தப் பாட்டிலிலும் ஊற்றி, குலுக்கி, மருந்தை விட்டாள். புதுப் பாட்டிலில் நிறமே இல்லை. இதில் கருநீலம். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அக்கா தப்பித்தாள். இவளுடைய மூன்று மாதம் பாழ்.

வழிகாட்டிப் பேராசிரியையான மேடம் இரண்டு பாட்டில்களையும் வெகுநேரம் பார்த்தார். "மறுபடி எடுக்க மூணு வாரம்தான் இருக்கு. நாளைக்குக் கூட்டத்துல என்ன சொல்லப் போறே?"

"நடந்ததைத்தான் மேடம்."

மறுநாள் கூட்டத்தில் பவுடர் பாக்கெட் முதற்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நகராட்சி அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ மத்த நாலு இடத்துக் கணக்கை எப்படி நம்புறது?"

இவள் வாயைத் திறப்பதற்குள், கடைசி வரிசையில் ஈர ஏப்ரனோடு அக்கா எழுந்தாள்.

"யாரும் கேக்காமலே தன் தப்பைத் தானே வந்து சொல்ற பொண்ணு சார் இவ. இதைவிட நம்பிக்கையான ஆள் உங்க ஆபீஸ்ல இருந்தா கூட்டிட்டு வாங்க, பாக்கலாம்."

இப்போது அதிகாரியும் சிரித்துவிட்டார். மூன்று வாரம் அவகாசம் கிடைத்தது.

புதுப் பாட்டில், வெறும் தண்ணீர் அலசல், ஆறு காலைகள். ஆறிலும் ஐந்தாவது இடம் மற்ற நான்கைப் போலவே வெளிறிக் கிடந்தது. அந்த வாரம் அம்மா போனில் கேட்டாள். "பாட்டில எல்லாம் நல்லா தேய்க்கிறியாடி?"

"தேய்க்கிறதே இல்லம்மா."

மகள் கைவிட்டுப் போய்விட்டாள் என்று அம்மா முடிவுகட்டியிருப்பாள்.

அறிக்கையின் முதல் பக்கத்தில், உதவியவர்கள் வரிசையில், மேடத்துக்கும் மேலே 'சலவைக்கடை அக்கா: மூக்கு' என்று எழுதிக் கொடுத்தாள். மேடம் சிவப்புப் பேனாவோடு அறிக்கை முழுக்கத் திருத்தினார். அந்த வரியை மட்டும் தொடவில்லை.