லோகாவின் போர்வைக்குச் சிவப்புக் கரை

போன வாரம் இந்த இடத்தில் என்னைக் காணவில்லை என்று நாலைந்து பேர் கடிதம் போட்டிருக்கிறீர்கள். 'எழுத்தாளர் சுகவீனம்' என்று ஆசிரியர் ஒரு வரி போட்டிருந்தார். பாவம், நான் சொன்னதைத்தான் போட்டார்.

பொய் சொன்னேன். எனக்கு ஒரு சுகவீனமும் இல்லை. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து ஒரு போர்வையின் கரையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். நானே தைத்த கரை!

விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஃபிளட்ஸில் நாங்கள் இரண்டாம் மாடி. மூன்றாம் மாடியில் லோகா. ஐந்து வருடத்துக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக வந்தவள். கணவர் இல்லை. ஒரே மகன் ரொறன்ரோவில். எனக்கும் ஒரே மகள்தான்... அவளும் ரொறன்ரோவில்தான்.

பிள்ளைகளைப் போய்ப் பார்க்க இரண்டு பேரும் விசாவுக்குப் போட்டோம். ஒரே கியூவில் நின்றோம். எனக்கு ஒரு முறை மறுத்தார்கள். மறுபடி போட்டேன். மறுபடியும் மறுத்தார்கள். லோகா ஒரே முறைதான் போட்டாள்.

மார்கழியில் ஒரு பகல், கடிதத்தைப் பிடித்துக்கொண்டு படியில் ஓடி வந்தாள்.

"அக்கா, கிடைச்சிட்டுது!"

கட்டிப்பிடித்தேன். தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். சீனிகூடக் கூடுதலாகப் போட்டேன். உள்ளே என்ன நடந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

"உங்கட பிள்ளையை முதல் கிழமையே போய்ப் பாப்பன் அக்கா. என்ன குடுத்துவிடுறதெண்டாலும் தாங்கோ" என்றாள்.

அன்பாகத்தான் சொன்னாள். எனக்கு நெஞ்சில் முள்ளாக ஏறியது. மூன்று வருடமாக நான் பார்க்காத என் மகளை இவள் பார்ப்பாளாம்! மெலிந்துவிட்டாளா, தலைமுடி வெட்டிவிட்டாளா என்று இவள் எனக்குச் சொல்வாளாம்!

கறுவாத்தோட்டத்துப் பங்களாக்காரர்கள்மேல் எனக்கு ஒருநாளும் பொறாமை வந்ததில்லை. உங்களுக்கு வந்திருக்கிறதா? வராது. நம்மோடு ஒரே படியில் ஏறி இறங்குபவர், ஒரே கியூவில் பின்னால் நின்றவர்... அவர் முன்னால் போகும்போதுதான் வயிறு எரியும்.

லோகா தையல்காரி அல்ல. ஆனால் விசா வரும் என்ற நம்பிக்கையில் ஒரு போர்வை பொருத்தத் தொடங்கியிருந்தாள். பழைய சேலை, பாவாடை, வெள்ளைத் துணி என்று சதுரம் சதுரமாக வெட்டி இணைத்து, நடுவே பஞ்சு பரப்பி, அடியில் ஒரு துணி வைத்து, மூன்றையும் சேர்த்து நூலோட்டியிருந்தாள். சில இடத்தில் கோணல். ஆனாலும் பார்க்க அழகாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஓரம் மட்டும்தான் மிச்சம். நாலு பக்கமும் பஞ்சு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கரை பிடிச்சுத் தாறீங்களோ அக்கா? உங்கட கை ஆருக்கு வரும்?"

அது உண்மை. எங்கள் ஒழுங்கையில் கரை பிடிப்பது என்றால் என்னிடம்தான் வருவார்கள்.

கரைக்குத் துணி எடுக்க இரண்டு பேருமாகக் காலி வீதியில் ஒரு துணிக்கடைக்குப் போனோம். லோகாவின் கை நேரே ஒரு சிவப்புச் சீத்தைத் துணியில் போய் நின்றது. அவள் நூல் பார்க்க அடுத்த மேசைக்குப் போன நேரத்தில், துணி வெட்டிய முஸ்லிம் நானா என்னிடம் சொன்னார்: "மிஸ், இது கொஞ்சம் கலர் உடும். தைக்க முந்தி உப்புத் தண்ணில ஊறப் போட்டு எடுங்க."

அவர் சொல்லியா எனக்குத் தெரிய வேண்டும்? அந்தச் சிவப்பைப் பார்த்த உடனேயே தெரியும்.

லோகா திரும்பி வந்தாள். "என்னவாம் அக்கா?"

"ஒண்டுமில்லை. நல்ல துணியாம்."

அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு வசனத்தை விழுங்கினேன்.

துணியை ஊறப் போடவில்லை. அப்படியே பட்டியாக வெட்டினேன். பட்டிகளை இணைத்து, நெடுக இரண்டாக மடித்து அயன் பண்ணி, போர்வையின் முன்பக்க ஓரத்தில் வைத்து மெஷினில் ஓட்டினேன். ஒவ்வொரு மூலையிலும் நிறுத்தி, மடித்து, கூர் எடுத்தேன். பிறகு பட்டியைப் பின்பக்கம் திருப்பிக் கையூசியால் தையல் தெரியாமல் பிடித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு திருத்தமாக நான் கரை பிடித்ததில்லை. முதல் தோய்ப்பிலேயே அந்தச் சிவப்பு போர்வை முழுக்க இறங்கும் என்று தெரிந்துகொண்டே...

மனதில் வஞ்சகம் இருந்தால் கை நடுங்கும் என்று கதைகளில் எழுதுகிறோமே, சுத்தப் பொய். கை அப்படி ஓடியது!

தைத்து முடித்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். லோகா மடியில் விரித்துத் தடவிப் பார்த்தாள்.

"இந்த வெள்ளை எல்லாம் என்ர பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போட்ட சேட்டு, அக்கா. பதினேழு வயசில அனுப்பினனான். சேட்டெல்லாம் என்னட்டை நிண்டிட்டுது. இப்ப அவனுக்கு நரை விழுந்திட்டுதாம்."

அப்போதாவது வாயைத் திறந்தேனா? இல்லை. 'நேரமாச்சு, அவருக்குச் சாப்பாடு போடவேணும்' என்று கீழே வந்துவிட்டேன். அதற்கடுத்த மூன்று நாளும் என் கணவருக்கு என்ன சமைத்துப் போட்டேன் என்று எனக்கு நினைவில்லை. உப்பில்லை என்று அவர் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

லோகாவின் பிளேன் வெள்ளிக்கிழமை. செவ்வாய் விடிய எங்கள் ஃபிளட்ஸில் ஆமிச் சோதனை. புதிதில்லை, உங்களுக்கும் பழகியதுதான். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு எல்லாம் காட்டினோம். எங்கள் வீடு முடிந்து மேலே போனார்கள். சிறிது நேரத்தில் லோகாவின் குரல் கேட்டது.

"அக்கா! ஒருக்கா மேல வாங்கோ!"

ஓடினேன். சூட்கேஸ் திறந்து கிடந்தது. ஒரு ஆமிக்காரர் போர்வையை இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். லோகாவுக்குச் சிங்களம் வராது. எனக்கு அலுவலகத்துப் பழக்கத்தில் வரும்.

"மேக்க அத்துலே மொனவத?" இதற்குள்ளே என்ன என்று என்னிடம் கேட்டார்.

"புளுன் விதரய், மஹத்தயா." பஞ்சு மட்டும்தான் ஐயா என்றேன்.

திறந்து காட்டச் சொன்னார். லோகா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பயணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒரு போர்வையால் இவளைப் பொலிசுக்குக் கூட்டிப்போனால்...? அந்த நினைப்பு வந்ததும், போகட்டும், இவள் தன் பிள்ளையிடம் போகட்டும் என்று முதல் முறையாக மனதாரக் கேட்டேன்.

பிளேட் ஒன்று எடுத்து, நான் பிடித்த கரையை ஒரு சாண் அளவு நானே பிரித்தேன். அவர் விரலை விட்டுப் பஞ்சை இழுத்துப் பார்த்தார். இன்னும் இரண்டு இடத்தில் அமுக்கினார். பிறகு கரையைத் திருப்பிப் பார்த்து, "ஹொந்தட்ட மஹலா" என்றார். நன்றாகத் தைத்திருக்கிறதாம்!

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்த நிலையிலும் எனக்குப் பெருமையாக இருந்தது.

அவர்கள் இறங்கிப் போனதும் லோகா கதிரையில் விழுந்தாள். "ஒரு சாண்தானே அக்கா, ரெண்டு தையல் போட்டால் சரிவரும்."

"இல்லை லோகா. முழுக்கப் பிரிக்க வேணும்."

"ஏன்?"

"இந்தச் சிவப்பு சாயம் விடும். உம்மட வெள்ளை எல்லாம் பழுதாப்போம்."

லோகா என் முகத்தைப் பார்த்தாள். "தைக்கேக்கையே தெரியுமோ உங்களுக்கு?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது.

"ஓம். தெரிஞ்சுதான் தைச்சனான்."

கீழே தெருவில் வாகனங்கள் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. நான் போர்வையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எழுந்தேன். வாசல் வரை போனபோது பின்னால் அவளுடைய குரல்.

"நில்லுங்கோ, நானும் வாறன். நாலு பக்கத்தையும் தனியாப் பிரிச்சு முடிப்பீங்களே?"

எங்கள் வீட்டுத் தரையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். ஆளுக்கொரு பிளேட். மூன்றாவது பக்கத்தில் லோகா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"விசா உங்களுக்குக் கிடைச்சு எனக்குக் கிடைக்காமல் போயிருந்தால், நான் ஊசியையே போர்வைக்குள்ளை வைச்சுத் தைச்சிருப்பன்."

சிரித்தோம். அவள் சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதாள். என்னைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

என்னிடம் ஒரு நீல நூல்சேலை இருந்தது. பத்து வருடமாகக் கட்டித் தோய்த்த சேலை. இனி விடுவதற்கு அதில் சாயம் இல்லை. அதைக் கிழித்துப் புதுப் பட்டி போட்டேன். புதனும் வியாழனும் அதிலேயே போய்விட்டன. வியாழன்தான் ஆசிரியருக்குக் கட்டுரை கொடுக்க வேண்டிய நாள்... சுகவீனம் வந்த கதை இதுதான். அவசரத்தில் ஒரு மூலை கொஞ்சம் கோணல். லோகா பரவாயில்லை என்றாள். வெள்ளிக்கிழமை போய்விட்டாள்.

இத்தோடு என் பொறாமை தீர்ந்தது என்று எழுதினால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும். பத்தியும் அழகாக முடியும். என்ன செய்ய?

நேற்று லோகா போன் எடுத்தாள். வெளியே முழங்கால் வரை பனியாம். மகனும் மருமகளும் வேலைக்குப் போனால் வீட்டில் சுவரோடுதான் பேச்சாம். விம்மி விம்மி அழுதாள்.

"விடிஞ்சாப் பொழுதுபட்டால் ஒரு சனம் கதவு தட்டாது அக்கா. ஞாயிற்றுக்கிழமை உங்கட மகள் வந்து தட்டினதுதான்."

ஆறுதல் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

ஒருவரும் தட்டாத கதவு. தட்டினால், அது என் மகள். இதற்குப் பொறாமைப்படாமல் நான் வேறு எதற்குப் படுவது?