அம்பாசிடர் கதவில் நீல இழுவல்

அந்த நீலக் கறையை முதலில் பார்த்தது நான்தான். அணுபுரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸை ஒட்டிய தகர ஷெட்டில் நிற்கும் பழைய அம்பாசிடரின் இடது பின்கதவில், ஒரு முழ நீளத்துக்கு யாரோ இழுவிவிட்ட மாதிரி இருந்தது. வண்டி மாமனாருடையது. அவர் காலமான பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவர் மட்டும் எடுப்பார். அத்தை, அதாவது என் மாமியார், பின்சீட்டில் உட்கார்ந்து வருவார். மற்ற நாட்களில் நானும் கணவரும் காலையிலேயே ஆளுக்கொரு ஆபீஸ் பஸ்ஸில் ஏறிவிடுவோம். வண்டி ஷெட்டைவிட்டு நகராது.

ஞாயிறு தவிர நகராத வண்டியில் கறை எப்படி வந்தது? சைக்கிள் உரசியிருக்கும் என்றார் கணவர். சைக்கிள் இவ்வளவு அகலமாக இழுவுமா என்று எனக்குச் சந்தேகம்.

புதுப்பட்டினத்தில் பெயிண்ட் கடைக்காரரிடம் போட்டோவைக் காட்டினேன்.

"நகத்தால தடவிப் பாருங்க மேடம். நகம் மாட்டலன்னா அது கீறல் இல்ல. இன்னொன்னோட பெயிண்ட் மேல ஒட்டிகினு கீது. தேய்ச்சா பூடும்" என்று பெயிண்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் காம்பவுண்ட் பசை ஒரு டப்பா கொடுத்தார்.

நகம் மாட்டவில்லை. கதவைக் கழுவித் துடைத்துவிட்டு, பழைய பனியன் துணியில் அந்தப் பசையைத் துளி எடுத்துத் தேய்த்தேன். துணியில் நீலம் ஏறியது. சந்தோஷமாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் தேய்த்ததும் துணி வெளிர்மஞ்சளாக மாறியது. அது வண்டியின் சொந்த நிறம். பதறிப்போய்க் கடைக்குப் போன் செய்தேன்.

"பழைய வண்டிக்கு அப்டித்தான், கொஞ்சம் வரும். அழுத்தாதீங்க" என்றார் அவர்.

நீலம் போய்விட்டது. ஆனால் தேய்த்த இடம் மட்டும் புதுசாக மின்ன, சுற்றிலும் மங்கலாக இருந்தது. இப்போது சுத்தமான இடம்தான் கறை மாதிரி தெரிந்தது. வேறு வழியில்லாமல் கதவு முழுவதையும் தேய்த்தேன். அத்தை படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருந்துட்டுப் போகட்டும்மா. கை வலிக்கப் போவுது" என்றார்.

அடுத்த மாதம் முன் மட்கார்டில் மறுபடி நீலம். அதைத் தேய்த்து முடித்த கொஞ்ச நாளில் பம்பருக்கு மேலே சிவப்பு. எனக்குக் குழம்பிவிட்டது. ஒருவேளை பழைய கறைகள்தானோ, நான் தேய்க்கத் தேய்க்க உள்ளிருந்து வருகிறதோ என்றுகூட யோசித்தேன். கணவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஒருநாள் தலைவலி என்று அரைநாள் லீவு போட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிரே எங்கள் அம்பாசிடர் வந்தது. ஓட்டியது அத்தை. முதுகை நேராக வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, தனியாக. ஆட்டோ அதைத் தாண்டிவிட்டது. போன் செய்தேன், எடுக்கவில்லை.

அத்தை திரும்ப நேரமாகும் என்று நினைத்து, வழியில் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, அங்கேயே பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு மெதுவாக வீட்டுக்கு நடந்தேன். போய்ப் பார்த்தால் வண்டி ஷெட்டில் நிற்கிறது. அத்தை அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கிறார்.

"இன்னாம்மா, சீக்கிரம் வந்துட்ட?"

நான் கண்டது நிஜமா, தலைவலியா? வெளியே போய் பானெட்டைத் தொட்டேன். கொதித்தது.

"அத்தை, வண்டி சூடா இருக்கு."

"வெயில்மா."

"ஷெட்ல ஏது வெயில்?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "சதுரங்கப்பட்டினம் வரைக்கும் போயிட்டு வந்தேன். அங்க கடற்கரையில வண்டியத் திருப்புறப்பதான், ஏத்தி வச்சிருக்கிற படகுல உரசிடுது."

லைசென்ஸ்? அவரிடம் இருந்தது. மாமனார் இருக்கும்போதே எடுத்து, காலாவதியாகாமல் புதுப்பித்தும் வந்திருக்கிறார். பெற்ற மகனுக்கே தெரியாது.

"அங்க யாரு இருக்காங்க, அத்தை?"

"யாரும் இல்ல. ஓட்டுறதுக்குத்தான் போறேன்."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீங்களும் கூட வருவீங்க."

கோபப்படுவதா, சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு நாள் நான் கை வலிக்கத் தேய்த்ததைப் பார்த்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருந்தார்? அதைக் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன். இன்றுவரை கேட்கவில்லை.

"அவன்கிட்ட நீயே சொல்லிடு" என்றார். அன்று சாயங்காலம் சொன்னேன்.

"அம்மாவா? அவங்களுக்கு ஸ்கூட்டியே ஓட்டத் தெரியாது" என்றார் கணவர்.

அத்தை சாவியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். ஸ்டியரிங் முன்னால் அத்தை உட்கார, நான் பக்கத்தில் முன்சீட்டில் ஏறினேன். கணவர் எங்கே உட்காருவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பின்கதவைத் திறந்து ஏறினார்.